ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு ஆன்டிவைரஸ்... பாதுகாப்பா, பிரச்னையா?

புது லேப்டாப் வாங்கும்போதே அதில் ஓர் ஆன்டிவைரஸ், 'இலவச ட்ரையல்' என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும். "இது கொஞ்ச நாள்தான் சார் வரும், நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்று கடைக்காரர் இன்னொன்றைப் போட்டுக் கொடுப்பார். நாலு மாதம் போனதும், ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். வீட்டில் இருக்கும் கல்லூரிப் பிள்ளை பதறிப்போய் யூடியூப் பார்த்து மூன்றாவதாக ஒன்றை டவுன்லோட் செய்வார். இவை எல்லாவற்றுக்கும் முன்பே விண்டோஸ் தன் பங்குக்கு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. ஆக மொத்தம் நான்கு!

அதன் பிறகுதான் கதை ஆரம்பிக்கும். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு காபி போட்டுக் குடித்து முடித்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. வேர்டு ஃபைல் ஒன்றைத் திறந்தால் கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும். "மெஷின் பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்று வீட்டில் பேச்சு எழும். மெஷின் பழசாகாமலே இப்படி ஆகலாம். உள்ளே இருக்கும் காவலாளிகள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதும் இதற்குக் காரணமாக இருக்கும்.

பூட்டு வேறு, காவலாளி வேறு

வாசல் கதவுக்கு ஒரு பூட்டுக்கு இரண்டு பூட்டு போட்டால் நல்லதுதான். ஒரு பூட்டு இன்னொரு பூட்டின் வேலையில் தலையிடாது. ஆன்டிவைரஸை அப்படி நினைத்துத்தான் பலரும் இரண்டு, மூன்று என்று போடுகிறார்கள். ஆனால், ஆன்டிவைரஸ் பூட்டு மாதிரி அல்ல. அது கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி. வருகிறவர், போகிறவர், உள்ளே நடமாடுகிறவர் என்று எல்லோரையும் நிறுத்தி விசாரிப்பது அதன் வேலை.

நீங்கள் ஒரு போட்டோவைத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோரிக்கை ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் வழியிலேயே ஆன்டிவைரஸ் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஃபைலைப் பரிசோதிக்கிறது. சந்தேகம் இல்லை என்றால்தான் விடுகிறது. இதற்கு 'ரியல்-டைம் புரொடக்‌ஷன்' என்று பெயர். இந்த வேலையைச் செய்வதற்காக, விண்டோஸின் மையப் பகுதியான 'கெர்னல்' வரை போய் உட்கார்ந்துகொள்ளும் உரிமை ஆன்டிவைரஸுக்குத் தரப்படுகிறது. வேர்டு, எக்ஸெல், பிரவுசர் எதற்கும் இல்லாத உரிமை இது.

அந்த இடத்தில் ஒருவர் இருந்தால் காவல். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் இருந்தால் கலாட்டா. ஒரே உறையில் இரண்டு கத்தி கொள்ளாது என்பது இங்கே அப்படியே பொருந்தும்.

ஃப்ளாப்பி காலத்துப் பழக்கம்

'ஒன்றுக்கு இரண்டு இருந்தால் நல்லது' என்ற நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 1990-களின் தொடக்கத்தில், டாஸ் காலத்தில், ஆன்டிவைரஸ் என்பது பெரும்பாலும் நாமாகக் கூப்பிட்டால் மட்டும் வரும் புரோகிராம். யாராவது ஃப்ளாப்பி கொண்டு வந்தால், ஒன்றை ஓடவிட்டுப் பரிசோதிப்பார்கள். அது முடிந்ததும் இன்னொன்றை ஓடவிடுவார்கள். ஒன்று கண்டுபிடிக்காததை மற்றொன்று கண்டுபிடிக்கும். ஒன்று வேலை முடித்துப் போன பிறகே மற்றொன்று வருவதால், சண்டைக்கே இடமில்லை.

பிறகு இன்டர்நெட் வந்தது. எப்போது எந்த வழியாக வைரஸ் வரும் என்று தெரியாததால், ஆன்டிவைரஸ் எந்நேரமும் விழித்திருக்க வேண்டியதாயிற்று. வேலையின் தன்மை மாறிவிட்டது. பழைய நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

எங்கெங்கே மோதிக்கொள்கின்றன?

*ஒரே ஃபைலுக்கு இரட்டை விசாரணை:* நீங்கள் ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டு ஆன்டிவைரஸும் அதைப் பரிசோதிக்கும். போதாததற்கு, முதலாவது அந்த ஃபைலைத் திறப்பதைப் பார்த்து, 'யாரோ ஃபைலைத் திறக்கிறார்கள்' என்று இரண்டாவது சில நேரம் விசாரணையைத் தொடங்கும். இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும் நிலை வந்தால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். மோசமான சமயங்களில் நீலத் திரை வந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

*பிடித்த திருடனுக்காகச் சண்டை:* வைரஸ் உள்ள ஃபைலைக் கண்டுபிடித்தால், அதை 'குவாரன்டைன்' என்ற தனி அறையில் அடைத்து வைப்பது வழக்கம். ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு போகும் நொடியில் மற்றொன்றும் அதே ஃபைலைப் பிடித்து இழுக்கும். 'வைரஸை நீக்க முடியவில்லை' என்ற அறிவிப்பு திரும்பத் திரும்ப வரும். ஸிப் ஃபைலைப் பரிசோதிப்பதற்காக ஒன்று அதை ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டால், 'இதோ வைரஸ்' என்று மற்றொன்று கூவும். வீட்டில் இருப்பவர்களோ புதுப் புது வைரஸ்கள் வந்துகொண்டே இருப்பதாக எண்ணிப் பயப்படுவார்கள்.

*காவலாளி மீதே சந்தேகம்:* மற்ற புரோகிராம்கள் என்ன செய்கின்றன என்று வேவு பார்ப்பது, அவற்றின் செயலை இடையில் தடுப்பது, தன்னை யாரும் அழிக்க முடியாமல் காத்துக்கொள்வது... இவை மூன்றும் வைரஸின் குணங்கள். ஆன்டிவைரஸின் குணங்களும் இவையேதான்! அதனால் ஒன்று மற்றொன்றை எதிரியாகப் பார்த்து, அதன் அப்டேட்டைத் தடுத்துவிடலாம். அப்டேட் நின்றுபோன ஆன்டிவைரஸுக்குப் புது வைரஸ்கள் தெரியாது.

*இன்டர்நெட்டில் இடைமறிப்பு:* பல ஆன்டிவைரஸ்கள் நீங்கள் பார்க்கும் இணையதளங்களையும் வழியில் நிறுத்திப் பரிசோதிக்கின்றன. தனியாக ஃபயர்வாலும் வைத்திருக்கின்றன. இரண்டு இடைமறித்தால், பேங்க் தளம் திறக்கும்போது 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று பிரவுசர் மிரட்டலாம். வைஃபை பிரின்டர் திடீரென்று காணாமல் போகலாம். நெட் இருந்தும் நெட் இல்லாதது போல் தோன்றலாம்.

ஒன்றின் பிழையே ஊரை நிறுத்தியிருக்கிறது

இவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கும் புரோகிராம் ஒன்று தவறினாலே என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணங்கள் உண்டு.

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸுக்கு வந்த ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களில் இருந்த விண்டோஸின் சொந்த ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று முடிவு கட்டியது. அந்தக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகின. நெட் தொடர்பையும் இழந்தன.

2018 ஜனவரியில், பிராசஸர்களில் கண்டுபிடிக்கப்பட்ட 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' குறைபாடுகளுக்காக மைக்ரோசாஃப்ட் அவசர அப்டேட் வெளியிட்டது. சில ஆன்டிவைரஸ்கள் கெர்னலில் செய்துவந்த தலையீடு அந்த அப்டேட்டோடு ஒத்துப்போகாமல் நீலத் திரையைக் கொண்டு வந்தது. 'எங்கள் ஆன்டிவைரஸ் ஒத்துப்போகும்' என்ற அடையாளக் குறிப்பு கம்ப்யூட்டரில் இருந்தால்தான் அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனையே போட்டது.

2024 ஜூலை 19-ஐ யாரும் மறந்திருக்க முடியாது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. உலகெங்கும் விமானங்கள் ரத்தாயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

இந்த மூன்றிலும் இரண்டு ஆன்டிவைரஸ் சண்டை இல்லை. ஒரே ஒரு பாதுகாப்பு புரோகிராம்தான் சிக்கலுக்குக் காரணம். இதன் பொருள், ஆன்டிவைரஸ் வேண்டாம் என்பதல்ல. கெர்னலில் இடம் கேட்கும் ஒவ்வொரு புரோகிராமும் பாதுகாப்போடு சேர்த்து ஆபத்தையும் கொஞ்சம் கொண்டு வருகிறது என்பதுதான். இரண்டாவதைச் சேர்க்கும்போது ஆபத்து கூடுகிறது. பாதுகாப்பு அதே அளவுக்குக் கூடுவதில்லை.

கடைசியில் ஒன்றும் இருக்காது!

வேகம் குறைவது சின்ன எரிச்சல்தான். உண்மையான ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது.

நாளை காலை ப்ராஜெக்ட் கொடுக்க வேண்டும். ஃபைல் திறக்கவே மாட்டேன் என்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஒருவர், 'இந்த ஆன்டிவைரஸாலதான் எல்லாம்' என்று எரிச்சலில் இரண்டையும் 'ஆஃப்' செய்துவிடுவார். வேகம் வந்துவிடும். திரும்ப ஆன் செய்ய யாருக்கும் ஞாபகம் வராது. டாஸ்க்பார் மூலையில் எத்தனையோ எச்சரிக்கை வந்தாலும், தினம் தினம் வெற்று எச்சரிக்கைகளைப் பார்த்துப் பழகிய கண்கள் அவற்றைக் கடந்து போய்விடும்.

குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள், அப்பாவின் பென்ஷன் பேப்பர், கடையின் ஜிஎஸ்டி கணக்கு என்று எல்லாம் இருக்கும் கம்ப்யூட்டர் அப்போது காவலே இல்லாமல் திறந்து கிடக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டதன் கடைசி விளைவு, ஒன்றும் இல்லாமல் போவது. இதைத்தான் கவனிக்க வேண்டும்.

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை?

கண்டுபிடிக்க 2 நிமிடம் போதும்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று டைப் செய்து திறங்கள். அதில் 'செட்டிங்ஸ்' போய் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' என்பதைத் தட்டினால், ஆன்டிவைரஸ் என்ற தலைப்பின் கீழ் எவையெல்லாம் இருக்கின்றன, எது ஆன், எது ஆஃப் என்று பட்டியல் வரும்.

அங்கே 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்' ஆஃப் என்று இருந்து, வேறு ஒன்று மட்டும் ஆன் என்று இருந்தால் கவலை வேண்டாம். வெளியிலிருந்து ஓர் ஆன்டிவைரஸ் வந்து விண்டோஸிடம் பதிவு செய்துகொண்டால், டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். சண்டை போடாது. அந்த ஆன்டிவைரஸை நீக்கினால், டிஃபெண்டர் தானாகவே வேலைக்கு வந்துவிடும். வெளியிலிருந்து வந்த இரண்டு ஒரே நேரத்தில் ஆன் ஆகியிருந்தால்தான் பிரச்னை. அவற்றில் ஒன்றை ஒதுக்கும் வேலையை விண்டோஸ் செய்யாது. நீங்கள்தான் செய்ய வேண்டும்.

அடுத்து, 'செட்டிங்ஸ்' பகுதியில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலையும் ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். விண்டோஸ் 10 என்றால் இதன் பெயர் 'ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்'. ட்ரையல் முடிந்தவை, வேறு ஏதோ சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்தபோது டிக் எடுக்க மறந்ததால் கூடவே நுழைந்தவை எல்லாம் அங்கே தெரியும்.

எதை வைத்துக்கொள்வது?

வீட்டு உபயோகத்துக்கு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே பெரும்பாலானவர்களுக்குப் போதும். 2009-ல் மைக்ரோசாஃப்ட் தனியாக இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய ஆன்டிவைரஸ், 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது அதற்குள்ளேயே வைக்கப்பட்டது. ஆரம்பத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை. ஆனால் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற அமைப்புகள் நடத்தும் சோதனைகளில் கடந்த சில ஆண்டுகளாக அது நல்ல மதிப்பெண் வாங்கி வருகிறது.

காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருக்கிறது, அப்டேட்டும் ஒழுங்காக வருகிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். சென்னையில் 1991-ல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் முதல் வெளிநாட்டு நிறுவனங்கள் வரை பலவும் சந்தையில் இருக்கின்றன. குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, போனில் கூப்பிட்டால் உதவி போன்ற வசதிகள் தேவைப்படுகிறவர்களுக்கு இவை பயன்படும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்று மட்டும்.

இன்னொரு விஷயம். பெயர் இரண்டாக இருப்பதால் காவலும் இரண்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஏவிஜி நிறுவனத்தை அவாஸ்ட் 2016-ல் வாங்கியது. அதன் பிறகு இரண்டு ஆன்டிவைரஸ்களும் ஒரே என்ஜினில்தான் ஓடுகின்றன. 2022-ல் அவாஸ்ட் நிறுவனம் நார்ட்டனோடு இணைந்தது. ஏற்கெனவே நார்ட்டன் வசம் வந்துவிட்ட அவிராவையும் சேர்த்து, இந்த நான்கு பெயர்களுக்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனம்தான் உரிமையாளர். அவாஸ்ட்டையும் ஏவிஜியையும் சேர்த்துப் போடுவது, ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் விழுங்குவது போல.

முறையாக நீக்குவது எப்படி?

'டிசேபிள்' செய்வதும் 'அன்இன்ஸ்டால்' செய்வதும் ஒன்றல்ல. டிசேபிள் செய்தால் மேலே ஓடும் காவல் மட்டும் நிற்கும். கெர்னலில் உட்கார்ந்திருக்கும் டிரைவர்கள் அங்கேயே இருக்கும். ஃபோல்டரைப் பிடித்து டெலீட் செய்வது அதைவிடத் தப்பு. பாதி போய் பாதி மிச்சம் இருந்தால் கம்ப்யூட்டரே திறக்காமல் போகலாம். இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

2. காசு கொடுத்து வாங்கியதாக இருந்தால், லைசென்ஸ் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு வேண்டுமானால் வேறு கம்ப்யூட்டரில் பயன்படும்.

3. நீக்க வேண்டியதற்கு அதன் நிறுவனமே 'ரிமூவல் டூல்' கொடுக்கிறதா என்று பாருங்கள். மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட், ஈசெட் போன்றவை கொடுக்கின்றன. அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். கூகுளில் தேடினால் மேலே வரும் விளம்பரங்களை நம்பிக் கிளிக் செய்ய வேண்டாம்.

4. 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பட்டியலில் போய் அன்இன்ஸ்டால் கொடுங்கள். முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு ரிமூவல் டூலை ஓடவிட்டு, மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நீக்குங்கள்.

5. அன்இன்ஸ்டால் ஆக மறுத்தால் 'சேஃப் மோடு' கைகொடுக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். சில லேப்டாப்களில் அப்போது 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் இருக்கும். முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டாம்.

6. எல்லாம் முடிந்ததும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, மிச்சம் இருக்கும் ஒன்று ஆன் ஆகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இந்தக் கடைசி வேலையை மறக்கவே கூடாது.

சந்தேகம் வந்தால் இன்னொரு டாக்டர்

'ஒன்று கண்டுபிடிக்காததை மற்றொன்று கண்டுபிடிக்கும்' என்ற பழைய நம்பிக்கை முழுக்கத் தவறானதல்ல. எந்த ஆன்டிவைரஸும் எல்லா வைரஸையும் பிடித்துவிடாது. வீட்டு டாக்டர் ஒருவர் இருக்கும்போதே, தேவைப்பட்டால் இன்னொரு டாக்டரிடம் போய்க் கருத்து கேட்டுவிட்டு வருகிறோம் அல்லவா? அதேபோல் செய்யலாம். இதற்கென்றே எந்நேரமும் விழித்திருக்காத, கூப்பிட்டால் மட்டும் வரும் ஸ்கேனர்கள் இருக்கின்றன.

மைக்ரோசாஃப்ட் தரும் 'சேஃப்டி ஸ்கேனர்' அப்படிப்பட்டது. டவுன்லோட் செய்த 10 நாட்களுக்குத்தான் அது வேலை செய்யும். அடுத்த முறை புதிதாக எடுக்க வேண்டும். டிஃபெண்டரிலேயே 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சுமார் 15 நிமிடத்தில் பரிசோதிக்கும். ஒளிந்திருக்கும் வைரஸ்களைப் பிடிக்க இது உதவும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்திலும் இலவச டூல்கள் கிடைக்கின்றன.

ஒரே ஒரு ஃபைல் மீதுதான் சந்தேகம் என்றால், கூகுளுக்குச் சொந்தமான 'வைரஸ்டோட்டல்' தளத்தில் அதைப் போட்டால் போதும். பல டஜன் ஆன்டிவைரஸ்கள் அதைப் பரிசோதித்துத் தனித்தனியாகத் தீர்ப்பு சொல்லும். உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஆனால், அங்கே போடும் ஃபைல்கள் பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். அதனால் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் போன்றவற்றை அதில் போடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. சில ஸ்கேனர்களை இன்ஸ்டால் செய்யும்போது 'பிரீமியம் ட்ரையல் வேண்டுமா?' என்று கேட்கும். 'சரி' என்று சொன்னால் அதுவும் நிரந்தரக் காவலாளியாக உட்கார்ந்துவிடும். வந்த வேலை முடிந்ததும் நீக்கிவிடுவது நல்லது.

செல்போனில் எப்படி?

ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஆப்பின் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரில் நடப்பது போன்ற பெரிய சண்டை போனில் நடக்காது. ஆனால் இரண்டு ஆன்டிவைரஸ் ஆப் போட்டால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அறிவிப்புகள் தொல்லை தரும். 2017-ல் இருந்து 'ப்ளே புரொடெக்ட்' என்ற பரிசோதனை கூகுள் ப்ளே ஸ்டோரோடு சேர்ந்தே வருகிறது. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போனுக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் வாசல் வழியாகவே வருகிறது. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான், பேங்க் கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களை நாமே இன்ஸ்டால் செய்து உள்ளே விடுகிறோம். நாமே கதவைத் திறந்துவிட்ட பிறகு எத்தனை ஆப் காவல் இருந்து என்ன பயன்?

அடிக்கடி எழும் கேள்விகள்

*லைசென்ஸ் முடிந்துபோன ஆன்டிவைரஸ் சும்மா இருந்தால் என்ன?*

சும்மா இருக்காது. அப்டேட் இல்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு, 'புதுப்பியுங்கள்' என்று நச்சரிக்கும். ஒன்று புதுப்பியுங்கள், அல்லது முழுதாக நீக்குங்கள்.

*டிஃபெண்டரும் வேண்டும், வாங்கிய ஆன்டிவைரஸும் வேண்டும். வழி உண்டா?*

உண்டு. வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்போது, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'லிமிட்டெட் பீரியாடிக் ஸ்கேனிங்' என்ற வசதி தெரியும். அதை ஆன் செய்தால் டிஃபெண்டர் அவ்வப்போது மட்டும் எழுந்து ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போகும். முதல் காவலாளியோடு மோதாது.

*'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, உடனே இந்த நம்பருக்குப் போன் செய்யவும்' என்று திரையில் வருகிறதே?*

அது ஆன்டிவைரஸே அல்ல, மோசடி. பிரவுசரில் வரும் இந்த மாதிரி அறிவிப்பை நம்பி எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். போன் செய்ய வேண்டாம். பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

இரண்டாவது காவல் வேண்டும் என்றால்...

ஒன்று மட்டும் போதுமா என்ற பயம் நியாயமானது. அதற்குப் பதில், அதே மாதிரி இன்னொன்று அல்ல, வேறு மாதிரி ஒன்று.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற ரான்சம்வேர் உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போடாமல் தள்ளிப்போட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. ஆகவே விண்டோஸ் அப்டேட்தான் உங்கள் இரண்டாவது காவல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள், அடுத்து என்ன என்று முடிவு செய்ய வேண்டிய நேரம் இது.

மூன்றாவது, பேக்கப். மாதம் ஒருமுறை முக்கியமான ஃபைல்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்துக் கழற்றி பீரோவில் வைத்துவிட்டால், எந்த ரான்சம்வேரும் அதைத் தொட முடியாது. நான்காவது, இமெயிலுக்கும் பேங்க் கணக்குக்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பு. பாஸ்வேர்டு திருடு போனாலும் உள்ளே நுழைவது கடினம்.

அப்டேட், பேக்கப், இரண்டு கட்டப் பாதுகாப்பு இவை எதுவும் ஆன்டிவைரஸோடு சண்டை போடாது. கம்ப்யூட்டரையும் திணறடிக்காது. இந்த வாரக் கடைசியில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டுக் கம்ப்யூட்டரில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து வந்த இரண்டு ஆன் ஆகியிருந்தால், அன்றைக்கே ஒன்றுக்கு விடை கொடுத்துவிடுங்கள்.